ஹோட்டலில் கூப்பிட்டுத் தரும் ஆம்புலன்ஸில் ஏறும் முன்

பிரிட்டனிலிருந்து விடுமுறைக்கு ஸ்பெயின் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

டெனெரீஃப் தீவில் மூன்றாம் நாள் இரவு என் கணவருக்குத் தாங்க முடியாத வயிற்றுவலி. ஹோட்டல் வரவேற்பில் சொன்னதும் டாக்டர் வந்தார், பின்னாலேயே ஆம்புலன்ஸும் வந்தது. எவ்வளவு அக்கறை என்று நெகிழ்ந்துபோனேன். அது தனியார் வண்டி, போய்ச் சேர்ந்ததும் தனியார் கிளினிக் என்பது உள்ளே போன பிறகுதான் தெரிந்தது.

பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.ஹெச்.எஸ். இலவசமாகத் தரும் ஜிஹெச்ஐசி அட்டையை, அதாவது வெளிநாட்டில் சிகிச்சை பெற உதவும் அட்டையை, நீட்டினேன். மேசையில் இருந்த பெண் அதைக் கையில்கூட வாங்கவில்லை. "இன்ஷூரன்ஸா, கிரெடிட் கார்டா?" என்று மட்டும் கேட்டார். அந்த அட்டை அரசு மருத்துவமனைகளில்தான் செல்லும். பயண இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்ற தைரியத்தில், ஸ்பானிஷில் நீட்டிய காகிதங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். பித்தப்பைக் கல் என்றார்கள். ஸ்கேன், டிரிப்ஸ், இரண்டு இரவு. பில் 4,860 யூரோ.

இன்ஷூரன்ஸ் நிறுவனம் ஒரு பென்னிகூடத் தர முடியாது என்றது. அட்மிட் ஆவதற்கு முன் அவர்களுடைய 24 மணி நேர உதவி எண்ணுக்குப் பேசவில்லையாம். அப்புறம், அவர் பிரஷர் மாத்திரை சாப்பிடுவதைப் பாலிசி எடுக்கும்போது சொல்லவில்லையாம். சொல்லாதது உண்மைதான், அந்தக் கேள்வியை நான் அவசரமாகத் தாண்டிவிட்டேன். ஆனால் பிரஷர் மாத்திரைக்கும் பித்தப்பைக் கல்லுக்கும் என்ன சம்பந்தம்? அதை எத்தனை முறை கேட்டும் அதே கடிதம்தான் திரும்பத் திரும்ப வந்தது.

அவசரம் என்றால் நீங்களே 112-ஐக் கூப்பிடுங்கள். ஹோட்டலில் கூப்பிட்டுத் தந்தால், ஏறும் முன் "அரசு மருத்துவமனையா?" என்று கேளுங்கள். அட்டை தொலைந்துபோயிருந்தால் என்.ஹெச்.எஸ்.ஸிடம் தற்காலிகச் சான்று கேட்டு வாங்கலாம். அட்டை இருக்கிறதே என்று இன்ஷூரன்ஸை மட்டும் விட்டுவிடாதீர்கள். நோயாளியை ஊர் கொண்டுவந்து சேர்க்கும் செலவு அட்டையில் வராது. சாப்பிடும் மாத்திரை ஒவ்வொன்றையும் பாலிசி எடுக்கும்போதே எழுதுங்கள், பிரீமியம் கூடினாலும் சரி.

நிறுவனத்திடம் முறைப்படி புகார் கொடுத்தேன். பதில் சொல்ல அவர்களுக்கு 8 வாரம் அவகாசம். இறுதிப் பதிலும் 'முடியாது' என்றே வந்ததால், போன வாரம், இன்ஷூரன்ஸ் போன்ற நிதி நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்கும் ஃபைனான்ஷியல் ஆம்புட்ஸ்மனிடம் எழுதியிருக்கிறேன். அதற்குக் கட்டணம் கிடையாது. ஆனால் இறுதிப் பதில் வந்த 6 மாதத்துக்குள் எழுதிவிட வேண்டும்.