மூடியைத் திறந்து பார்க்காமல் அலாரம் வேலைக்குப் பணம் கொடுத்துவிட வேண்டாம்

எங்கள் வீட்டில் திருட்டு அலாரம் பொருத்த வந்தவர் அரை நாளில் வேலையை முடித்தார். வாசற்கதவைத் திறந்து சைரனை ஒருமுறை அலற வைத்துக் காட்டி, முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போனார். கீபேடில் பச்சை விளக்கோடு சிறிய மஞ்சள் விளக்கும் எரிவதைச் சுட்டிக்காட்டியபோது, புதிய கருவி என்பதால் அப்படித்தான் இருக்கும், சில நாட்களில் அணைந்துவிடும் என்றார். நானும் நம்பினேன். நான்கு மாதம் கழித்து ஓர் இரவு மின்சாரம் நின்றதும், பேட்டரியில் தொடர்ந்து இயங்க வேண்டிய அமைப்பு ஒரு நிமிடம்கூடத் தாங்காமல் அடங்கிப்போனது.

அவரைத் தொலைபேசியில் அழைத்தால், வந்து பார்ப்பதற்கே புதிதாகப் பணம் கேட்டார். எனவே உரிமம் பெற்ற வேறொரு மின்பணியாளரை அழைத்து, பேனலின், அதாவது சென்சார்கள் எல்லாம் வந்து சேரும் கட்டுப்பாட்டுப் பெட்டியின், மூடியைத் திறக்கச் சொன்னேன். அன்று பார்த்தவற்றை, என்னைப் போல் மூடிக்குள் எட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்கவிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

உள்ளே இருந்தது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி. அளவு சரிதான், ஆனால் எங்கிருந்தோ கழற்றி வந்த பழையது. மெயின் இணைப்பு, அதாவது வீட்டு மின்சாரம், இருக்கும்போது மல்டிமீட்டரில் அது 13.7 வோல்ட் காட்டியது. அது சார்ஜர் தரும் மின்னழுத்தமே தவிர பேட்டரியின் வலிமை அல்ல என்பதை, மெயினை நிறுத்தியவுடன் அளவு 10-க்கும் கீழே சரிந்தபோதுதான் புரிந்துகொண்டேன். மஞ்சள் விளக்கு நான்கு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்ததும் இதைத்தான்.

அதைவிடக் கவலைக்குரியது மெயின் இணைப்பு. உலோகப் பெட்டிக்குக் கட்டாயம் கொடுக்க வேண்டிய எர்த் வயர் வெட்டி மடக்கப்பட்டிருந்தது. ஃபேஸ் வயரின் இழைகள் சில டெர்மினலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றுள் ஒன்று பெட்டியில் பட்டிருந்தால், மூடியைத் தொடும் எவருக்கும் மின்னதிர்ச்சி ஏற்பட்டிருக்கும். சென்சார் வயர்களும் மெயின் வயரும் ஒரே துளை வழியாக, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு உள்ளே வந்திருந்தன. இவற்றைத் தனித்தனி வழியாகவும் தனித்தனிக் குழாய்களிலும் கொண்டுவருவதே முறை.

அடுத்தது, பார்த்த கண்ணுக்குப் பிழை என்றே தெரியாத ஒன்று. ஒவ்வொரு சென்சார் சுற்றின் முனையிலும் ஒரு ரெசிஸ்டர், அதாவது குறிப்பிட்ட அளவு மின்தடை தரும் சிறு பாகம், இருக்க வேண்டும். அதன் மதிப்பு பேனலின் கையேட்டில் குறிக்கப்பட்டிருக்கும். பேனல் அந்த மின்தடையை ஓயாமல் அளந்துகொண்டே இருக்கிறது. ரெசிஸ்டர் கதவு சென்சாருக்குள்ளேயே இருந்தால், வழியில் எவராவது இரு வயர்களையும் உரித்து ஒன்றாக முறுக்கிவிட்டாலும், மின்தடை பூஜ்யமாவதைப் பேனல் உடனே கண்டுகொள்ளும். எங்கள் வீட்டிலோ ஆறு ரெசிஸ்டர்களும் வரிசையாகப் பேனலின் டெர்மினல்களிலேயே செருகப்பட்டிருந்தன. ஏணி வைத்து ஒவ்வொரு சென்சாரையும் திறக்கும் வேலையை முதலில் வந்தவர் இப்படி மிச்சப்படுத்திக்கொண்டார். இப்படிச் செருகினால் வெளியே வயரை முறுக்கி இணைத்தாலும் ரெசிஸ்டரின் மின்தடை அப்படியே இருப்பதால், பேனலுக்கு எல்லாம் ஒழுங்காக இருப்பதாகவே தோன்றும். அதன் பிறகு கதவைத் திறந்தாலும் அலாரம் அடிக்காது. கதவைத் திறந்து காட்டும் வேடிக்கைச் சோதனை மட்டும் இரண்டு முறையிலும் ஒரே மாதிரி வெற்றி பெறும் என்பதால், நான் ஏமாந்ததில் வியப்பில்லை. போதாக்குறைக்கு, மூடியை எவராவது திறந்தால் எச்சரிக்க வேண்டிய டேம்பர் சுவிட்ச் இணைக்கப்படாமல், அதன் டெர்மினல்கள் ஒரு துண்டு வயரால் பாலமிடப்பட்டிருந்தன.

இவற்றையெல்லாம் சரிசெய்துவிடலாம் என்று எண்ணியபோது, பேனலின் அமைப்புகளை மாற்றத் தேவையான ரகசிய எண்ணை, அதாவது நிறுவுநர் குறியீட்டை, முதலில் வந்தவர் மாற்றிப் பூட்டியிருந்தது தெரியவந்தது. அது இல்லாமல் எந்த அமைப்பையும் மாற்ற இயலவில்லை. கேட்டதற்குத் தரவும் மறுத்தார். முடிவில் சர்க்யூட் பலகையையே புதிதாக வாங்கினோம்.

இரண்டாமவர் பேனலுக்கான தனி பிரேக்கரை நிறுத்தி, மின்சாரம் இல்லை என்பதை டெஸ்டரால் உறுதிசெய்து, பேட்டரியையும் கழற்றிய பிறகே வயர்களில் கை வைத்தார். ஒவ்வொரு சுற்றையும் பேனலில் மாட்டுவதற்கு முன்பே மல்டிமீட்டரால் அளந்து குறித்துக்கொண்டார். சென்சார்களும் கீபேடும் இழுக்கும் மின்னோட்டத்தைக் கூட்டி, பேனலின் 12 வோல்ட் வெளியீடு தாங்கும் வரம்புக்குள் இருப்பதைப் பார்த்தார். மொத்தம் 0.35 ஆம்பியர் வந்தது. புதிய 7 ஆம்பியர்-மணி பேட்டரி கணக்கின்படி 20 மணி நேரம் தாங்க வேண்டும், நடைமுறையில் அதைவிடக் குறையும். எர்த்தையும் மெயினையும் இணைத்து, கையேட்டில் உள்ள வரிசைப்படி கடைசியில் பேட்டரியை மாட்டினார்.

மீதிப் பணத்தை இம்முறை மறுநாள்தான் தருவேன் என்று முன்பே சொல்லியிருந்தேன். அவரும் முகம் சுளிக்கவில்லை. அன்றிரவு முழுவதும் பிரேக்கரை நிறுத்தியே வைத்தோம். காலையில் பேட்டரியிலேயே சைரன் ஒலித்தது, மூடியைத் தளர்த்தியபோதும் ஒலித்தது. குறியீட்டையும், எந்தச் சுற்று எந்த அறைக்குரியது என்ற வரைபடத்தையும் தாளில் எழுதி என்னிடம் கொடுத்த பின்பே அவர் பணத்தை வாங்கிக்கொண்டார்.