தேவசகாயம் திருத்தலங்கள்: ஒரு நாள் வேன் பயணம் தேறுமா?

இந்து மதத்திலிருந்து கிறிஸ்தவராகி, விசுவாசத்துக்காக உயிர்கொடுத்த புனித தேவசகாயத்தின் இடங்களுக்கு நாகர்கோவிலில் இருந்து புறப்படும் ஒரு நாள் திருப்பயண வேன்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் போகின்றன: கோட்டாறு, புலியூர்க்குறிச்சி, நட்டாலம், கடைசியில் காற்றாடிமலை. டீசலுக்கு இது வசதி. தியானத்துக்கு இது சரியில்லை. காலையிலேயே கோட்டாற்றில் அவர் கல்லறையைப் பார்த்துவிட்டு மதியம் பிறந்த ஊருக்குப் போனால், அந்த வாழ்க்கை மனதில் கோவையாக நிற்காது.

நட்டாலத்தில் தொடங்கச் சொல்லுங்கள். 1712-ல் அவர் பிறந்த ஊர். அரை மணி நேரம் போதும். அடுத்து புலியூர்க்குறிச்சி. விலங்கோடு இழுத்துவரப்பட்டவர் தாகத்தில் பாறையில் முழங்கையால் இடிக்க, நீர் சுரந்ததாக மரபு சொல்லும் முட்டிடிச்சான் பாறை இங்கேதான். பாறையிலிருப்பது சின்னக் குழி. ஐம்பது பேரும் பாட்டிலை நீட்டினால் முக்கால் மணி நேரம் போய்விடும். ஒரே ஒருவர் மொண்டு எல்லோருக்கும் ஊற்றினால் பத்து நிமிடத்தில் முடியும். மிச்சப்பட்ட நேரத்தில் பக்கத்து உதயகிரிக் கோட்டைக்குப் போங்கள். பல வேன்கள் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன, பெரிய இழப்பு. டிலனாயின் கல்லறை அங்கே இருக்கிறது. 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பின்பு திருவிதாங்கூர் படையைப் பயிற்றுவித்த டச்சுக் கம்பெனிப் படை அதிகாரி. ஆடுமாடுகளை இழந்து நொந்திருந்த நீலகண்டனுக்கு (திருமுழுக்குக்கு முன் தேவசகாயத்தின் பெயர் அது), எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத பைபிள் மனிதர் யோபுவின் கதையைச் சொன்னவர் டிலனாய்தான். யோபு முதல் அதிகாரம் 22 வசனங்கள்; நிறுத்தி வாசித்தாலும் ஐந்து நிமிடம். அதை அந்த இடத்தில் வாசித்துக் கேட்கவேண்டும்.

திட்டத்தின் உண்மையான ஓட்டை பெருவிளை. தேவசகாயம் வேப்பமரத்தில் மாதக்கணக்கில் கட்டிவைக்கப்பட்ட இடம் என்று மக்கள் காட்டும் ஊர். படம் எடுக்க அங்கே பெரிதாக ஒன்றுமில்லை என்பதால் வேன் நிற்பதில்லை. ஆனால் கைதானது 1749 பிப்ரவரி, சுடப்பட்டது 1752 ஜனவரி 14. குண்டு பாய ஒரு நொடி. நடுவில் ஏறக்குறைய மூன்று வருடம் அடி, காயத்தில் மிளகாய்ப்பொடி, எருமை மேல் பின்பக்கமாக உட்காரவைத்து ஊர்வலம். சிலுவையை “நாள்தோறும்” தூக்கச் சொல்கிறது லூக்கா 9:23. மத்தேயுவும் மாற்கும் எழுதாத அந்தச் சொல்லின் கனம் பெருவிளையில்தான் புரியும். படுத்த படுக்கையான தாயை வருடக்கணக்கில் பார்த்துக்கொள்கிறவர்கள் குழுவில் இருப்பார்கள். அவர்களுக்கு மலையைவிட இந்த மரத்தடிதான் நெருக்கம். இருபது நிமிட மௌனம் கொடுங்கள், ஒலிபெருக்கி வேண்டாம்.

பிறகு ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி வடக்கன்குளம். 1745 மே 14-ல் திருமுழுக்கு பெற்றது அங்கே. மனைவி ஞானப்பூவையும் நினைத்து ஜெபியுங்கள். அவர் சுமந்ததைப் பற்றி எந்த வழிகாட்டியும் பேசுவதில்லை. திரும்பும்போது அவர் சுடப்பட்ட காற்றாடிமலை. திருமுழுக்குக்குக் கடந்த கணவாயிலேயே உயிரையும் கொடுத்திருக்கிறார் என்பது இந்த வரிசையில் போனால் சொல்லாமலே விளங்கும்.

மாலை நான்கு மணிக்கு மேல் ஏறுங்கள். மதியத்தில் பாறை வெறுங்காலைச் சுட்டுவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கணவாய்க் காற்றில் மெழுகுவர்த்தி நிற்காது, குடை மடங்கிவிடும். மலையில் இருக்கும் மணியடிச்சான் பாறையைக் கல்லால் தட்டினால் வெண்கல ஓசை வரும். பிள்ளைகள் போட்டிபோட்டுத் தட்டுவார்கள். ஆளுக்கு ஒரு தட்டு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கோட்டாறு சவேரியார் பேராலயக் கல்லறை கடைசியாக இருக்கட்டும். நவம்பர் கடைசி வாரமும் டிசம்பர் முதல் நாட்களும் சவேரியார் திருவிழாக் கூட்டம். அருகில் நின்று ஜெபிக்க முடியாது. ஜனவரி 14 நினைவு நாள் பொங்கலையொட்டி வருவதால் வேனும் ஓட்டுநரும் கிடைப்பது கஷ்டம். பிப்ரவரி, தவக்காலத் தொடக்கத்தில் ஒரு வார நாள்தான் எங்கள் சிபாரிசு. ஏற்பாட்டாளர் பெருவிளைக்கும் வடக்கன்குளத்துக்கும் கூடுதல் கட்டணம் கேட்டால், மதியச் சாப்பாட்டை ஓட்டலில் வாங்காமல் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு அந்தப் பணத்தை இதற்குக் கொடுங்கள்.