கோழி பெருக்க எது நல்லது: வளர்ந்த பேடா, ஒரு மாதக் குஞ்சா, அடை முட்டையா?

வன்னியில் வளவுக் கோழி பெருக்க மூன்று வழி உண்டு. சந்தையிலோ அயலிலோ வளர்ந்த பேடு வாங்கலாம், ஒரு மாதக் குஞ்சு எடுக்கலாம், முட்டை வாங்கி நம் அடைக்கோழிக்கு வைக்கலாம். மூன்றையும் செய்து பார்த்து, இப்போது நாங்கள் முட்டையோடு நிற்கிறோம்.

பேடு விலை கூட, ஆனால் உடனே முட்டையிடும். சரி, நோய்க்கு வருவோம். ராணிக்கெட் என்ற கொடிய வைரஸ் நோய் தொற்றினால் 2 முதல் 15 நாளுக்குள் தெரிந்துவிடும். ஒரு மாதம் தனியே அடைத்தால் பிடிபடும். மைக்கோபிளாஸ்மா, கொரைசா போன்ற சளி நோய்கள் அப்படியல்ல. வந்து தேறிய கோழி பளபளவென்று நிற்கும், நன்றாகத் தின்னும், கிருமி மட்டும் உள்ளேயே இருக்கும். எத்தனை நாள் அடைத்து வைத்துப் பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாது. கூட்டத்தோடு விட்ட பிறகு, மாரி மழையில் உடம்பு தளரும்போது கிருமி வெளியே வரும்; முகம் வீங்கி மூக்கு ஒழுகுவது நம் பழைய கோழிகளுக்கு. மறுபக்கமும் உண்டு: நம் கோழிகளே கிருமி சுமந்திருந்தால் புதுப் பேடுதான் படுக்கும்.

அடைத்து வைப்பதும் இங்கே லேசில்லை. பகலில் வளவெல்லாம் மேய்ந்து இரவில் மரமேறும் கோழிகள், புதுக் கூட்டடியிலும் வந்து கிளறும். தண்ணீர்ச் சட்டி வேறு, செருப்பு வேறு வேண்டும்; பழையவற்றுக்குத் தீனி வைத்த பிறகே புதியதிடம் போகவேண்டும்.

குஞ்சில் எனக்கு அனுபவம் குறைவு. நல்ல பொரிப்பகமென்றால் மாரெக் என்ற முடக்கு நோய்க்கு முதல் நாளே தடுப்பூசி போட்டிருப்பார்கள், கேட்டு வாங்குங்கள். நிலத்தில் விட்டதும் இரத்தக் கழிச்சல் வருகிறதா என்று பாருங்கள்.

முட்டையோடு கொரைசா வராது, பேனும் குடற்புழுவும் வராது. ராணிக்கெட் புகுந்த கரு பெரும்பாலும் ஓட்டுக்குள்ளேயே செத்துவிடும். 21 நாளில் பொரிக்கும் குஞ்சு நம் வளவு மண்ணிலேயே பழகி வளரும். ஆனால் மைக்கோபிளாஸ்மாவும், புல்லோரம் என்ற குஞ்சுக் கழிச்சல் நோயும் தாயிலிருந்து முட்டை வழியே வரும். ஆகவே முட்டையைவிட, அது வரும் வளவைப் பாருங்கள்: அங்கே ஒரு கோழி தும்மினாலும், குஞ்சுகள் அடிக்கடி செத்தாலும் வாங்கவேண்டாம். எச்சம் பட்ட முட்டையை அடைக்கு வைக்காதீர்கள். ராணிக்கெட் தடுப்பு மருந்து இந்தக் குஞ்சுகளுக்கும் வேண்டும். கால்நடை வைத்தியரிடம் கேட்டுக் கொடுங்கள்.

அடைக்கோழி இல்லாத வளவுக்கு முட்டை சரிவராது. அப்போது தடுப்பூசி போட்ட குஞ்சுக்குப் போங்கள். பேடு, எவ்வளவு வேண்டியவர் தந்தாலும், கடைசிதான்.