வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷன் பக்கத்துல ஒரு பழைய கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை, நம்பிப் போலாம்

எங்களுக்கு பழைய வண்ணாரப்பேட்டைல ஸ்டிக்கர் கட்டிங் கடை. மிஷின் நைனா வாங்கினது, இன்னும் சூப்பரா வெட்டுது, ஆனா அதோட சாஃப்ட்வேர் விண்டோஸ் 98ல மட்டும்தான் ஓடும், பிரிண்டர் போர்ட்ல டாங்கிள் (சாஃப்ட்வேரோட பூட்டு மாதிரி ஒரு சின்ன பிளக்) வேற மாட்டணும், அதனால அந்தப் பழைய டெஸ்க்டாப்ப கடாசிட்டு புதுசு வாங்க வழியே இல்ல. போன ஆடில எம்.சி. ரோடு துணிக்கடைங்களுக்கு தள்ளுபடி ஸ்டிக்கர் வெட்டிட்டு இருக்கோம், பாதி எழுத்துலயே மிஷின் நின்னுடுது, மவுஸும் அப்டியே உறைஞ்சிடுது, ரீஸ்டார்ட் பண்ணா ஓடும், மறுபடி நிக்கும். எவ்ளோ வினைல் வீணாச்சுன்னு நெனச்சா இப்பவும் வயிறு எரியுது.

ரெண்டு எடத்துல காட்டினோம். ஒருத்தர் ஃபார்மட் பண்ணிட்டு 800 ரூபா வாங்கினாரு, ரெண்டே நாள்ல அதே கதை. இன்னொருத்தர் மதர்போர்டு போச்சு, வேற வாங்கிக்கோங்கன்னுட்டாரு.

அப்புறம்தான் தெரிஞ்சவங்க சொல்லி இந்தக் கடைக்குப் போனேன். போர்டு கூட இல்ல, ஷட்டர்லதான் பெயிண்ட்ல எழுதியிருக்கும். அந்த அண்ணன் ஸ்க்ரூ டிரைவர கைல எடுக்கறதுக்கு முன்னாடியே கேட்டாரு: "தம்பி, நிக்கும்போது உன் கை எங்க இருக்கும், மவுஸ் மேலயா?" யோசிச்சுப் பாத்தா ஆமாங்க, வெட்டிட்டு இருக்கும்போது அடுத்த டிசைன் எடுக்கலாம்னு மவுஸ நகத்துவேன், அப்பதான் நிக்குது. இத்தன நாளா எனக்கே தோணல, வேற யாரும் கேக்கவும் இல்ல.

டிவைஸ் மேனேஜர்ல மேல இருக்கற கம்ப்யூட்டர்ன்றத டபுள் கிளிக் பண்ணி லிஸ்ட்ட காட்டினாரு. ஐஆர்க்யூன்னா ஒவ்வொரு பார்ட்டும் பிராசஸர 'என்னைய கவனி'ன்னு கூப்புடற லைன் நம்பரு, மொத்தமே 0லேந்து 15 வரைக்கும் 16தான், கீபோர்டுக்கு 1, ஃப்ளாப்பிக்கு 6, பிரிண்டர் போர்ட்டுக்கு 7, ஹார்டு டிஸ்க் பக்கம் 14, 15. எங்க லிஸ்ட்ல 4க்கு நேரா ரெண்டு பேரு, காம் 1, காம் 3 (காம்னா சீரியல் போர்ட்டு). காம் 1ல சீரியல் மவுஸ். காம் 3தான் கட்டிங் மிஷின், ஏன்னா மதர்போர்டுல காம் 2 செத்துப்போனப்ப யாரோ ஒரு ஐஎஸ்ஏ கார்டு (பழைய டைப் ஸ்லாட்ல சொருகற போர்ட்டு கார்டு) போட்டு அப்டியே காம் 3ன்னு விட்டுட்டாங்க. காம் 1க்கும் காம் 3க்கும் வழக்கமா அதே 4தானாம். "ரெண்டு வீட்டுக்கு ஒரே காலிங் பெல் வெச்சா இன்னா ஆவும்? அதுக்கப்புறம் வந்த பிசிஐ கார்டுன்னா ஒரே நம்பர பங்கு போட்டுக்கும் தம்பி, ஐஎஸ்ஏக்கு அது வராது"ன்னாரு.

பயாஸ்ல (கம்ப்யூட்டர் ஆன் ஆவறப்பவே வர்ற அடிப்படை செட்டிங்) போயி அந்த செத்துப்போன போர்ட்ட டிசேபிள் பண்ணாரு, கார்டுல ஜம்பர்ன்ற குட்டி பின் மூடிய மாத்தி அட்ரஸ் 2எஃப்8, ஐஆர்க்யூ 3ல வெச்சாரு, இப்ப அந்தக் கார்டுதான் காம் 2. சாஃப்ட்வேர்லயும் காம் 2ன்னு மாத்தியாச்சு. அதோட விடல, போர்டுல இருக்கற செல் வீக்கா இருக்கு, அது தீந்தா பயாஸ் மறந்துடும், செத்த போர்ட்டு திரும்ப எழுந்து கார்டோட மோதும்னு சொல்லி புது சிஆர்2032 ஒண்ணு போட்டாரு. மறுநாள் மிஷினையும் ஆட்டோல ஏத்திட்டு வரச் சொன்னாரு, அது ஓடிட்டு இருக்கும்போது அரை மணி நேரம் என்னைய மவுஸ ஆட்டிக்கிட்டே இருக்க வெச்சாரு. ஒரு தடவ கூட நிக்கல. எது எந்த நம்பர்ல இருக்குன்னு ஒரு சீட்டுல எழுதி கேபினெட் உள்ளயே ஒட்டிக் குடுத்தாரு, இந்த மாதிரி யாருங்க பண்றாங்க இப்ப?

கூலி 350, செல்லு 50. பத்து மாசமா பிரச்சனையே இல்ல.

கொறன்னா, போன் எடுக்க மாட்டாரு, நேர்லதான் போவணும். காலைல 11க்கு முன்னாடி போனா ஷட்டர் மூடிதான் இருக்கும், ஞாயித்துக்கெழம லீவு. பில்லு கேட்டு வாங்கணும், தானா தர மாட்டாரு. லேப்டாப்ப தொடவே மாட்டாரு, அதுக்காகப் போயி அலையாதீங்க. மழ நாள்ல சப்வேல தண்ணி நிக்கும், சிபியுவ தூக்கிட்டுப் போறவங்க வானத்தப் பாத்துட்டு கெளம்புங்க.