மாக்ஸியா, நைசரா, லாக்ஸ்பிசியா: நியூட்ரான் இரட்டைகளின் துடிப்பைப் பிடிக்க எது?

ஹெர்குலிஸ் எக்ஸ்-1 ஒரு நியூட்ரான் விண்மீன், அதாவது பெருவிண்மீன் வெடித்தபின் எஞ்சிய மிக அடர்ந்த கரு. அதுவும் ஒரு துணைவிண்மீனும் ஒன்றையொன்று சுற்றும் இரட்டை இது. துணைவிண்மீனிடமிருந்து அது இழுத்துக்கொள்ளும் வாயு எக்ஸ்-கதிராக ஒளிர்கிறது. அந்த ஒளியில் 1.24 நொடிக்கு ஒரு துடிப்பு, 1.7 நாளுக்கு ஒரு கிரகணம், அவற்றுக்கும் மேலாகச் சுமார் 35 நாள் ஏற்ற இறக்கம். இம்மூன்றையும் ஒரே கருவியின் தரவில் தேடக்கூடாது. எந்தக் கால அளவிலான மாற்றம் வேண்டும் என்பதை முடிவு செய்த பிறகே கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

35 நாள் சுழற்சிக்கு மாக்ஸி போதும். 2009 முதல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருக்கும் இந்த ஜப்பானியக் கருவி ஏறத்தாழ 92 நிமிடத்துக்கு ஒருமுறை வானத்தைத் துழாவுகிறது. அதன் நாள்வாரி எண்களை வரைந்தாலே, பத்து நாள் போல நீளும் பிரகாசமும், மங்கலும், நடுவே எழும் சிறிய மேடும் தெரிந்துவிடும். நியூட்ரான் விண்மீனில் விழும் வாயு அதைச் சுற்றி அமைக்கும் முறுக்கிய திரட்டல் வட்டு நம் பார்வையை மறைத்தும் விலகியும் நடத்தும் ஆட்டம் அது. துடிப்பைக் காண மாக்ஸி உதவாது.

துடிப்பு போன்ற வேகமான மாற்றங்களில் உண்மையான போட்டி நைசருக்கும் லாக்ஸ்பிசிக்கும்தான்.

2017இல் அதே விண்வெளி நிலையத்தில் பொருத்தப்பட்ட நாசாவின் நைசர், ஆற்றலில் 0.2 முதல் 12 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரையுள்ள எக்ஸ்-கதிர்களைப் பார்க்கிறது. ஒவ்வொரு ஃபோட்டானின் (ஒளித்துகளின்) வருகையையும் 300 நானோ நொடிக்குள் குறிக்கிறது. நொடிக்கு 401 முறை சுழலும் சாக்ஸ் ஜே1808 என்ற நியூட்ரான் விண்மீன் போன்றவற்றின் துடிப்புக்கு என் தேர்வு இதுதான். ஆனால் தரவு துண்டு துண்டாகவே வரும். சாக்ஸ் ஜே1808உம் அதன் துணைவிண்மீனும் சேர்ந்த இரட்டையின் சுற்றுக்காலம் ஏறத்தாழ 121 நிமிடம். நிலையம் பூமியை நான்கு முறை சுற்றி முடிப்பதற்குள் இரட்டை மூன்று சுற்றை முடித்துச் சற்றே முந்தியிருக்கும். ஆகவே அடுத்தடுத்த துண்டுகளில் அந்தச் சுற்றின் கிட்டத்தட்ட அதே கட்டங்களே திரும்பத் திரும்பச் சிக்கும். 2023 மே மாதத்தில் வெப்பத்தடுப்புப் படலம் சேதமடைந்து ஒளி கசியத் தொடங்கியதால், அதற்குப் பிந்தைய பகல் நேரத் தரவைக் கவனமாகச் சலிக்க வேண்டும்.

2015இல் ஏவப்பட்ட இந்தியச் செயற்கைக்கோளான ஆஸ்ட்ரோசாட்டில் உள்ள லாக்ஸ்பிசி 3 முதல் 80 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை எட்டுகிறது. ஹெர்குலிஸ் எக்ஸ்-1இன் நிறமாலையில் 40 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி விழும் சைக்ளோட்ரான் பள்ளம், அதாவது காந்தப்புலத்தில் சுழலும் எலக்ட்ரான்கள் கதிரை விழுங்குவதால் உண்டாகும் குறைவு, காந்தப்புலத்தின் வலிமையையே சொல்லிவிடும். துடிப்பின் கட்டத்தோடு அது இடம் மாறுவதைப் பின்தொடர நைசரால் முடியாது, லாக்ஸ்பிசியால் முடியும். அதன் மூன்று அலகுகளில் இரண்டு 2018இல் பழுதுபட்டன. அதற்குப் பிந்தைய தரவுக்கு இரண்டாம் அலகையே நம்புவேன்.

கிலோஹெர்ட்ஸ் அலைவுகளில், அதாவது ஒளி நொடிக்கு ஏறத்தாழ ஆயிரம் முறை கூடிக் குறைவதில், லாக்ஸ்பிசி இன்னும் ஒருபடி மேலே நிற்கிறது. முழுச் சீரில்லாத இந்த அலைவுகளின் வீச்சு ஆற்றலோடு கூடுகிறது. அதனால் மென்கதிர்களில் (குறைந்த ஆற்றல் எக்ஸ்-கதிர்களில்) கூர்மையான நைசருக்கு அவை மங்கலாகவே தெரியும். லாக்ஸ்பிசி ஒரு ஃபோட்டானைப் பதிந்ததும் நாற்பது மைக்ரோ நொடிக்குச் சற்று மேல் அடுத்ததை ஏற்காது. பிரகாசமான பொருளில் இந்தச் செயலற்ற நேரம் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு மாற்றம் என்று காட்டும் திறன் நிறமாலையின் இரைச்சல் மட்டத்தையே கீழிறக்கிவிடும். அதைத் திருத்தாமல் அலைவின் வலிமையை அளந்தால் விடை பிழைபடும்.

ஆனாலும் இந்த அலைவுகளை மட்டும் படிக்க வருபவர் முதலில் திறக்க வேண்டியது 2012இல் ஓய்வுபெற்ற நாசாவின் எக்ஸ்-கதிர்ச் செயற்கைக்கோளான ஆர்எக்ஸ்டிஇயின் காப்பகத்தைத்தான். 1996இல் ஸ்கார்பியஸ் எக்ஸ்-1, 4யூ 1728-34 என்ற இரு நியூட்ரான் இரட்டைகளிலும் இவற்றை முதன்முதலில் காட்டியது அதுவே. பதினாறு ஆண்டுத் தரவு அங்கே இருக்கிறது. 4யூ 1728-34இல் லாக்ஸ்பிசியும் அதே அலைவைக் கண்டிருப்பதால், ஒரே பொருளை இரு கருவிகளிலும் வைத்து ஒத்துப்பார்க்கவும் வழி உண்டு.