அம்மா வீடா, மாணவர் அறையா? இத்தாலியும் பின்லாந்தும்

“வெள்ளைக்காரன் பிள்ளைக்குப் பதினெட்டு ஆனதும் பெட்டியைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவான்” என்று நம் ஊரில் சொல்வார்கள். பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியைப் பொறுத்தவரை அது ஓரளவு சரி. இத்தாலியின் நேப்பிள்ஸில் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அமைப்பான யூரோஸ்டாட் கணக்குப்படி 2023-ல் பின்லாந்துப் பிள்ளைகள் பெற்றோர் வீட்டிலிருந்து கிளம்பிய சராசரி வயது 21.4. இத்தாலியில் 30. குரோஷியாவில் இன்னும் மேலே, 31.8. மூன்று ஊரிலும் செல்லுபடியாவது அதே யூரோதான். நடுவில் கிட்டத்தட்ட பத்து வருட வித்தியாசம்.

இத்தாலிக்காரருக்குப் பாசம் அதிகம், பின்லாந்துக்காரருக்குக் குறைவு என்று இதை முடித்துவிடுவது சுலபம். எனக்கு அது பிடிபடவில்லை. வாடகையை யார் கொடுக்கிறார்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.

பின்லாந்தில் பெற்றோரின் சட்டப்படியான பராமரிப்புப் பொறுப்பு பொதுவாகப் பிள்ளைக்கு 18 ஆனதும் முடிகிறது. அந்த இடத்தில் ‘கேலா’ என்ற அரசுக் காப்பீட்டு அமைப்பு வந்து நிற்கிறது. கல்லூரிக் கட்டணம் கிடையாது. தனியாக இருக்கும் மாணவருக்கு மாதம் சுமார் 280 யூரோ உதவித்தொகை, அதற்கு மேல் வாடகைக்கென்று ஒரு தொகை, அதுவும் போதாவிட்டால் அரசே ஜாமீன் நிற்கும் வங்கிக் கடன். மதியச் சாப்பாடு மானியத்தில் 3 யூரோ அளவுக்குக் கிடைக்கும். அம்மா வீட்டிலேயே இருந்தால் உதவித்தொகை குறையும். கிளம்பு என்று இதைவிட நாசூக்காகச் சொல்ல முடியாது. பையன்களுக்குக் கட்டாய ராணுவச் சேவை வேறு. ஆறு மாதமோ ஒரு வருடமோ முகாமில் இருந்துவிட்டு வந்தவன் மறுபடி பள்ளிக்கூடத்துக் காலத்து அறையில் வந்து அடைவானா?

போகிற இடம் ஒன்றும் மாளிகை இல்லை. ஹெல்சிங்கியில் ‘ஹோவாஸ்’ என்ற மாணவர் வீட்டு அறக்கட்டளை இருக்கிறது. அதன் பகிர்வு வீடுகளில் ஆளுக்கு ஓர் அறை. சமையலறையும் குளியலறையும் பொது. ஃபிரிட்ஜைத் தட்டுத் தட்டாகப் பங்கு போட்டுக்கொள்வார்கள். துணி துவைக்க நேரம் பதிவு செய்ய வேண்டும், சவுனா என்ற வெந்நீராவிக் குளியலுக்கும் முறை உண்டு. யாரோ ஊறப்போட்ட பாத்திரம் தொட்டியில் அப்படியே கிடக்கும். யாருடையது என்று கேட்டு யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பின்லாந்து அல்லவா.

இத்தாலி வேறு கதை. 2007-ல் நிதியமைச்சர் தொம்மாசோ பதோவா-ஸ்கியோப்பா, இந்த ‘பம்போச்சோனி’களை வீட்டைவிட்டு வெளியே அனுப்புவோம் என்றார். வளர்ந்தும் வளராத பெரிய பாப்பாக்கள் என்று அர்த்தம். தனியாக வாடகைக்குப் போகிற இளைஞர்களுக்கு வரிச்சலுகை கொண்டுவந்தபோது சொன்னது. சலுகையை மறந்துவிட்டார்கள், சொல் ஒட்டிக்கொண்டது.

ஆனால் அந்தப் பாப்பாவின் பக்கத்திலிருந்து பாருங்கள். வழக்கமான வாடகை ஒப்பந்தம் நான்கு வருடம், அப்புறம் இன்னொரு நான்கு வருடம். அவ்வளவு நாளுக்கு வீடு கொடுப்பவர் நிரந்தர வேலையின் சம்பளச் சீட்டைக் கேட்பார். இவன் கையில் இருப்பதோ ஆறு மாத ஒப்பந்த வேலை. மூன்று மாத வாடகை வரை முன்பணம் கேட்கச் சட்டமே இடம் தருகிறது. கடைசியில் அப்பாதான் கையெழுத்துப் போட வேண்டும். 2023 மே மாதத்தில் மிலான் பாலிடெக்னிக் மாணவி ஒருவர் வாடகை கட்டுப்படியாகாமல் கல்லூரி வாசலிலேயே கூடாரம் அடித்துப் படுத்தார். மற்ற ஊர்களிலும் கூடாரங்கள் முளைத்தன. இத்தாலியில் அரசுப் பணம் இல்லாமல் இல்லை, அது ஓய்வூதியத்தில் போகிறது. அங்கே அது பெரியவர்கள் கைக்கு வந்து, சாப்பாட்டு மேசை வழியாகப் பிள்ளைக்குப் போகிறது. பின்லாந்தில் நேராகப் பிள்ளையின் கணக்குக்கே.

பெரிய வித்தியாசம் இங்கேதான். கேலா பணம் அனுப்பிவிட்டு, ராத்திரி எத்தனை மணிக்கு வந்தாய் என்று கேட்காது. அம்மா கேட்பாள். முப்பது வயதில் தேய்த்த சட்டை கிடைக்கும், அறைக்கதவைத் தட்டாமல் திறப்பதும் கிடைக்கும். காதலர்கள் காரை ஓரமாக நிறுத்தி, கண்ணாடியில் செய்தித்தாள் ஒட்டுவது இத்தாலியில் பழைய பழக்கம். பெற்றோருக்கும் எல்லை உண்டு. பாவியா நகரில் 75 வயதுத் தாய் ஒருவர் 40, 42 வயது மகன்களை வெளியேற்ற நீதிமன்றம் போய் 2023-ல் ஜெயித்தார்.

சீக்கிரம் கிளம்பினால் சீக்கிரம் குடும்பம் என்பார்களே, அது மட்டும் தேறவில்லை. 2023-ல் இத்தாலியின் கருவள விகிதம், அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியாக எத்தனை பிள்ளை என்ற கணக்கு, 1.20, பின்லாந்தில் 1.26. இரண்டும் தரையோடு தரைதான். பின்லாந்தில் ஏறக்குறைய பாதிக் குடித்தனங்கள் தனி ஆள் குடித்தனங்கள். குளிர்காலத்தில் மூன்று மாதம் சூரியன் எட்டிப் பார்த்துவிட்டு ஓடும் ஊரில் அது சாதாரண விஷயமில்லை.

எனக்கு இருபது வயது என்றால் ஹெல்சிங்கியைத்தான் கேட்பேன், ஊறிய பாத்திரத்தோடு சேர்த்து. இருபத்தெட்டில் வேலை போனால் நேப்பிள்ஸ். விண்ணப்பம் நிரப்பாமல் பாஸ்தா வரும்.

பின்லாந்திலும் கை இறுகுகிறது. 2017-ல் மாணவர்களையும் பொது வீட்டு உதவித்திட்டத்தில் சேர்த்தார்கள். 2025 ஆகஸ்டில் அவர்களை வெளியே எடுத்து, மாணவர்களுக்கென்று தனி வாடகைத் தொகைக்கு மாற்றிவிட்டார்கள். கிளம்புவதற்குக் காரணம் குணம்தான் என்றால் அந்த 21.4 அசையக் கூடாது. அடுத்த சில வருடக் கணக்குகளில் அது மேலே ஏறுகிறதா என்று பார்க்கலாம்.