பூச்சிக்கு எந்த நோய் பொருந்தும்? இராமநாதபுரம் கடலோரத் தோப்புக்கும் மிளகாய்க் காட்டுக்கும் ஓர் ஒப்பீடு

உயிரி மருந்து விற்கும் கடையில் போய் நின்றால் பியூவேரியா, மெட்டாரைசியம், வெர்டிசீலியம், பி.டி., என்.பி.வி. என்று ஐந்தாறு பெயர்கள் காதில் விழும். எல்லாமே பூச்சிக்கு நோய் உண்டாக்கும் நுண்ணுயிர்கள்தாம். முதல் மூன்றும் பூஞ்சைகள், பி.டி. ஒரு பாக்டீரியா, என்.பி.வி. ஒரு வைரஸ். "இதில் எது வீரியமானது?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். எங்கள் கடலோரத்தில் அந்தக் கேள்வி உதவாது. இராமநாதபுரத்தில் ஆண்டுக்குச் சுமார் 820 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்து முடிந்துவிடும். மற்ற மாதங்களில் சுடுமணலும் உப்புக்காற்றும்தான். ஆகவே நான் முதலில் பார்ப்பது இரண்டு விஷயங்களை. புழு எங்கே குடியிருக்கிறது? அந்த இடத்தில் ஈரமும் நிழலும் உண்டா?

தென்னையில் தொடங்குகிறேன். உச்சிப்புளி, பெரியபட்டினம், மண்டபம் பக்கத்துத் தோப்புகளில் காண்டாமிருக வண்டு செய்யும் சேதத்தை எல்லோரும் பார்த்திருப்பார்கள். விரியாத குருத்தைக் குடைந்து சாற்றைக் குடிக்கிறது. அந்த மட்டை விரியும்போது ஓலை முக்கோணமாகக் கத்தரித்துவிட்டது போல் நிற்கும். இளங்கன்றாக இருந்தால் குருத்தே போய்விடும். ஆனால் மரத்தில் இருப்பது வண்டு மட்டும்தான். அதன் முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் எருக்குழியிலும், மட்கிய தென்னந்தடியிலும், குப்பைமேட்டிலும் மாதக்கணக்கில் கிடக்கின்றன. மரத்தின் கொண்டையைப் பார்த்து மருந்து அடிப்பவர்கள் குழியைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இந்த வண்டுக்கு எதிராக இரண்டு நோய்கள் இருக்கின்றன. ஒன்று மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூஞ்சை. மற்றொன்று ஓரிக்டெஸ் நூடிவைரஸ். பழைய கையேடுகளில் பாக்குலோ வைரஸ் என்று இருக்கும்.

பூஞ்சையின் வரலாறு பழையது. 1879-இல் ஒடெசாவில் மெச்னிகாப் என்னும் விஞ்ஞானி, தானியப் பயிரை அழித்த ஒரு வண்டின் புழுவில் இதைக் கண்டு, பூச்சியை ஒழிக்க இதையே வளர்த்துப் பயன்படுத்தலாம் என்று முயன்றார். இதை வண்டு தின்ன வேண்டியதில்லை. பூஞ்சையின் விதை போன்ற நுண்துகளான வித்து புழுவின் தோலில் ஒட்டினால் போதும். அங்கேயே முளைத்து, தோலைத் துளைத்து உள்ளே போய், உடல் திரவத்தில் பெருகும். சுமார் இரண்டு வாரத்தில் புழு விறைத்துவிடும். குழியைக் கிளறிப் பார்த்தால் தெரியும். புதிதாகச் செத்த புழுவின் மேல் வெள்ளைப் பூசணம் படர்ந்திருக்கும். சில நாள் கழித்து அந்த வெண்மை கரும்பச்சைத் தூளாக மாறும், கையில் எடுத்தால் விரலெல்லாம் ஒட்டும். அந்தத் தூள் முழுவதும் வித்து. அப்படிப்பட்ட புழுவைத் தூக்கி வெளியே எறியாதீர்கள். உடைத்துக் குழிக்குள்ளேயே புதைத்துவிடுங்கள்.

250 மில்லி வளர்ப்புக் கரைசலை 750 மில்லி தண்ணீரில் கலந்து எருக்குழியில் தெளிக்க வேண்டும் என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. இந்தப் பூஞ்சையை அரைவேக்காட்டு அரிசியிலும் கொப்பரைக் களத்தில் வீணாகும் தேங்காய்த் தண்ணீரிலும் வளர்க்க முடியும். கேரளத்தில் காயங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்தின் வழிகாட்டுதலில் பெண்கள் குழுக்களே இதை வளர்த்துக் கொடுத்திருக்கின்றன. நம் பக்கத்து மகளிர் குழுக்களுக்கும் இது எட்டாத வேலை அல்ல.

வைரஸ் வேறு வழியில் வேலை செய்கிறது. 1963-இல் மலேசியாவில் ஹூகர் என்னும் ஜெர்மன் விஞ்ஞானி நோயுற்ற புழுக்களில் இதைக் கண்டறிந்தார். 1967-இல் சமோவா தீவில் விட்டார்கள். பிறகு பசிபிக் தீவுகள் பலவற்றில் வண்டின் தொல்லை குறைந்தது. நம் நாட்டிலும் இலட்சத்தீவில் இதைப் பயன்படுத்திப் பலன் கண்டிருக்கிறார்கள். வைரஸ் வாய் வழியாகப் போனால்தான் தொற்றும். தொற்றிய வண்டு உடனே சாகாது. தீனி குறையும், முட்டை குறையும், ஆயுள் சுருங்கும். ஆனால் பறந்துகொண்டே இருக்கும். போகிற தோப்பில் எல்லாம் எச்சத்தின் வழியாகவும் இணைசேரும்போதும் நோயைப் பரப்பும். மனிதன் கைக்கு எட்டாத மட்கிய தடிக்குள்ளும் வண்டே அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். இந்த ஒரு குணத்தில் பூஞ்சை இதற்கு ஈடாகாது.

அப்படியானால் வைரஸையே தேர்ந்தெடுக்கலாமே என்று தோன்றும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இதைப் புட்டியில் அடைத்துக் கடையில் விற்பதில்லை. ஆய்வகத்தில் உயிருள்ள வண்டுகளுக்கு வைரஸை ஊட்டி, எக்டேருக்கு 10 முதல் 15 வரை அந்தியில் பறக்கவிட வேண்டும். வண்டின் உடலுக்கு வெளியே வைரஸ் விரைவில் செயலிழந்துவிடும். பச்சைப் பூஞ்சையோ ஈரம் இருக்கும் குழியில் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். இன்னொன்றும் உண்டு. 2007-இல் குவாம் தீவுக்குள் நுழைந்த வண்டு வகை, அதுவரை பயன்படுத்திய வைரஸுக்கு மசியவில்லை. ஒரே நோயை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது ஆபத்து.

என் முடிவு இதுதான். தனி விவசாயி தன் தோப்புக்கு இன்றே ஏதாவது செய்ய வேண்டுமானால் மெட்டாரைசியம். எங்கள் பகுதியில் எருக்குழி பெரும்பாலும் மரத்தடி நிழலில்தான் இருக்கிறது. மேலே ஓலையைப் பரப்பி அவ்வப்போது தண்ணீர் தெளித்தால் பங்குனி வெயிலிலும் உள்ளே ஈரம் நிற்கும். பட்டுப்போன மரங்களை அப்புறப்படுத்த முடியாத நிலையில், ஊர் முழுவதும் சேர்ந்து வைரஸ் ஏற்றிய வண்டைக் கேட்டு வாங்குவதில் பொருள் உண்டு. இரண்டில் எதைச் செய்தாலும் இப்போது கொண்டையில் இருக்கும் வண்டு உடனே போகாது. அதற்கு வண்டைக் குத்தி எடுக்கும் கம்பிக் கொக்கியும், மட்டை இடுக்கில் வேப்பங்கொட்டைத் தூளோடு மணலும்தான்.

பூஞ்சைக் கரைசலைக் கொண்டையில் பீய்ச்சலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நண்பகல் வெயில் படும் இடத்தில் வித்து சில மணி நேரத்தில் செத்துவிடும். வேண்டாம்.

இனி மிளகாய். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற முண்டு மிளகாய், முதுகுளத்தூர், கடலாடி பக்கத்து மானாவாரிக் காடுகளில் மழையை நம்பி விளைகிறது. வற்றலில் பூச்சிமருந்து எச்சம் அளவுக்கு மீறி இருந்தால் வெளிநாட்டுக்கு எடுக்க மாட்டார்கள். அதனால் இங்கே நுண்ணுயிர் மருந்துக்கு மதிப்பு அதிகம். எதிரியோ வேறு: பச்சைக் காய்ப்புழுவும் புரோட்டீனியா என்னும் புகையிலை வெட்டுப்புழுவும். இவை வெட்டவெளியில், செடியின் மேல் இருக்கின்றன. தென்னையில் பூஞ்சைக்குக் கிடைத்த நிழல் இங்கே இல்லை.

இந்த இடத்தில் போட்டி என்.பி.வி. வைரஸுக்கும் பி.டி. பாக்டீரியாவுக்கும்தான். பி.டி.யை 1901-இல் ஜப்பானில் இஷிவாதா என்பவர் செத்த பட்டுப்புழுவில் கண்டார். 1911-இல் ஜெர்மனியின் துரிஞ்சியா பகுதியில் பெர்லினர் மாவு அந்துப்பூச்சியின் புழுவில் கண்டு, அந்தப் பகுதியின் பெயரையே வைத்தார். அதிலுள்ள படிகப் புரதம் புழுவின் காரத்தன்மை மிகுந்த குடலில் கரைந்து குடல் சுவரைச் சிதைக்கிறது. சில மணி நேரத்தில் புழு தின்பதை நிறுத்திவிடும். இரண்டு மூன்று நாளில் சாகும். வேகத்தில் பி.டி.யை வெல்ல முடியாது. என்.பி.வி. நான்கு முதல் ஏழு நாள் வரை எடுத்துக்கொள்ளும். பெரிய புழு என்றால் இன்னும் தாமதம்.

ஆனாலும் மானாவாரி மிளகாய்க்கு நான் என்.பி.வி. பக்கமே நிற்கிறேன். காரணத்தை வயலில் பார்க்கலாம். நோயுற்ற புழு செடியின் நுனிக்கு ஏறிப் பின்கால்களால் பற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்கிச் சாகும். தோல் வெடித்து உள்ளிருக்கும் கூழ் கீழ் இலைகளில் சொட்டும். அந்த இலையைத் தின்னும் அடுத்த புழுவுக்கும் அதே கதி. பி.டி. தெளித்த இடத்தில் வேலை செய்வதோடு சரி, இப்படித் தானாகப் பெருகாது. தேனீ, பொறிவண்டு எதையும் என்.பி.வி. தொடாது.

அந்தக் குறிதவறாமைதான் அதன் குறையும். காய்ப்புழுவின் வைரஸ் புரோட்டீனியாவைக் கொல்லாது, அதன் வைரஸ் இதைக் கொல்லாது. வாங்குவதற்கு முன் முட்டையைப் பாருங்கள். ஒற்றை ஒற்றையாக இருந்தால் காய்ப்புழு. கும்பலாக, மேலே பழுப்பு மயிர் மூடி இருந்தால் புரோட்டீனியா. இரண்டும் கலந்து வந்திருக்கிறது, புழுவும் இன்னும் சின்னது என்றால் அப்போது பி.டி. சரியான தேர்வு. காய்க்குள் புகுந்துவிட்ட புழுவை இரண்டாலும் தொட முடியாது.

காய்ப்புழு வைரஸுக்கு எக்டேருக்கு 250 புழுச் சமன் அளவு, அதாவது நோயுற்ற 250 புழுக்களிலிருந்து கிடைக்கும் வைரஸ். சூரியனின் புற ஊதாக் கதிர்தான் அதன் பகை. ஆகவே வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்க வேண்டும். வெல்லம் சேர்த்தால் இலையில் ஒட்டும், புழுவும் விரும்பித் தின்னும். பனைமரம் நிறைந்த நம் பகுதியில் வெல்லத்துக்குப் பதில் கருப்பட்டியே போதும்.

இலைப்பேன், அசுவினி, வெள்ளை ஈ போன்ற சாறு உறிஞ்சிகளுக்கு இந்த இரண்டும் பயன்படாது. அவை இலையைத் தின்பதில்லை, உள்ளிருக்கும் சாற்றை மட்டும் உறிஞ்சுகின்றன. அங்கே பியூவேரியாவும் வெர்டிசீலியமும்தான், அதுவும் கார்த்திகை, மார்கழி மாதங்களில். மேகமூட்டமும் இரவுப் பனியும் இருக்கும் அந்தச் சில வாரங்கள் எங்கள் ஊரில் இலைமேல் பூஞ்சை முளைக்கக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு. மாசி பிறந்து வெயில் 35 டிகிரியைத் தாண்டத் தொடங்கிய பிறகு அடிப்பது காசை மண்ணில் கொட்டுவது. காய் அழுகலுக்கும் நுனிக் கருகலுக்கும் பூஞ்சைக்கொல்லி அடித்த கையோடு இவற்றையும் அடிக்காதீர்கள். பூஞ்சைக்கொல்லிக்கு நல்ல பூஞ்சை, கெட்ட பூஞ்சை தெரியாது. என்.பி.வி.க்கும் பி.டி.க்கும் இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை.

எதை வாங்கினாலும் பாக்கெட்டில் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். பூஞ்சைத் தூள் என்றால் கிராமுக்கு 10 கோடி வித்துகளாவது இருக்க வேண்டும், அந்த எண்ணிக்கை அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். தகரக் கூரைக்கு அடியில் கோடை முழுவதும் கிடந்த பாக்கெட்டில் உயிருள்ள வித்து எதுவும் மிஞ்சியிருக்காது. கடைக்காரர் பாதி விலைக்குக் கொடுத்தாலும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதுச் சரக்கு வரும்வரை காத்திருங்கள்.